காணி விலையும் கால் பங்கு ஆட்டிறைச்சியும்

ஒரு சதமும் கைக்கு வராமலே மாதத்துக்கு இரண்டு தடவை பணக்காரர் ஆகக்கூடிய மனிதர் யாழ்ப்பாணத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டுக்காரர் பரப்பு அண்ணை. காணியை நாங்கள் பரப்புக் கணக்கில்தான் அளப்போம். கொக்குவிலில் அவருக்கு நாலு பரப்பு இருந்தது. அந்த வீட்டின் பின்பக்க அறைகளில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம்.

எங்கள் வீடு இருந்த ஒடுங்கிய தெருவில், அந்த ஒழுங்கையில், எவருடைய காணி விலைப்பட்டாலும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருவார்.

"தம்பி, கேட்டனியே? முடக்குக் காணியைக் கனடாக்காரன் வாங்கிப்போட்டான். எங்கடை பரப்பு ஒரே பாய்ச்சல்!"

"அப்ப விக்கப்போறியளோ அண்ணை?"

"உனக்கென்ன விசரே? காசு காணியிலை நிக்கட்டும். செலவழிக்கிறதுதான் எங்கடை வேலை."

அன்றே செலவு தொடங்கிவிடும். சைக்கிளில் பக்கத்து ஊர்த் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிறவர் ஓட்டோவில் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்கைக்காரர் சேர்ந்து ஆடு அடித்துப் பங்கு போடுவோம். காணி விலை ஏறினால் அவருக்கு இரண்டு பங்கு. அதே கையோடு வாடகையும் ஏறும், எங்களுக்கு அரைப் பங்கு. மறுபடி ஏறினால் அவருக்கு மூன்று, எங்களுக்குக் கால். கடைசியில் நாங்கள் கத்தரிக்காய்க்கு வந்து சேர்ந்தோம்.

"என்ன தம்பி, மச்சம் மாமிசம் விட்டிட்டியோ?"

"நீங்கள் வாடகையைக் கூட்டினதாலைதான் அண்ணை."

"நானெங்கை கூட்டினனான்? காணியெல்லோ கூட்டினது!" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

ஒருநாள் தரகர் ஒருவர் லண்டன் தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது. அண்ணை விற்றால் அந்தப் பக்கத்தில் வேறு வீடு எடுக்க எங்களுக்குக் கட்டாது. மனைவிக்கு ஏழு மாதம். அவள் சட்டி பானையைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

பரப்பு அண்ணை வந்தவர்களைப் பார்த்தார். எங்கள் வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"கிணத்துத் தண்ணி உவர் கண்டியளோ. மாரியிலை முழங்காலளவு வெள்ளம் நிக்கும். மாமரத்திலை முனி இருக்கு. எண்டாலும் நல்ல முனி."

காரைத் திருப்பக்கூட நேரமில்லாமல் அவர்கள் பின்னோக்கியே ஓட்டி ஒழுங்கையை விட்டுப் போனார்கள். முனியின் கதை ஊரெல்லாம் பரவி, ஒழுங்கை முழுவதும் காணி விலை விழுந்தது. அந்த ஞாயிறு அவர் வீட்டில் இடியப்பமும் வெறும் சொதியும்தான்.

"ஏனண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பிள்ளைத்தாச்சியை வைச்சுக்கொண்டு எங்கையடா போவாய்? வாடகை கூட்டுறதுக்கும் உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?"

அதுவரை அந்தக் காணியைப் பற்றி ஒரு குறை சொல்ல யாரையும் விடாத மனிதர், எங்களுக்காகத் தன் வாயாலேயே அதை அப்படித் திட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கிவிடும்.