மூக்குச் சாமியாரும் பத்து மேலங்கிகளும்

அந்தச் சலவை நிலையத்தின் வாசலில் காலையிலேயே கூட்டம் முண்டியடித்தது. யாரும் துணி வெளுக்கப் போட வரவில்லை. வெளுக்காத துணியோடுதான் வந்திருந்தார்கள். கணவனின் சட்டை, மருமகனின் பனியன், பங்காளியின் தலையணை உறை என்று ஆளுக்கொன்றைப் பையில் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். துவைத்தால் வாசனை போய்விடுமாம். வாசனை போனால் உண்மையும் கூடவே போய்விடுமாம்.

உள்ளே முதலாளி அறையில் மூக்குச் சாமியார். முதலாளியே தன் நாற்காலியை அவருக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். சாமியார் சட்டையை இரண்டு கையாலும் ஏந்துவார், கண்ணை மூடுவார், அக்குள் பக்கமாக மூக்கை வைத்து நீளமாக இழுப்பார். பொய் சொல்பவன் வியர்வைக்குத் தனி வாடை உண்டாம். "இந்தச் சட்டைக்காரன் உன்கிட்ட எதையோ மறைக்கிறான்மா" என்பார். மறைக்காத கணவன் எந்த ஊரில் இருக்கிறான்? அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் அலமாரியைக் குடைவாள். ஏதாவது அகப்பட்டால் மறுநாளே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவாள். ஒன்றும் அகப்படாதவள் பேசாமல் வீட்டோடு இருந்துவிடுவாள். ஆகவே, திரும்பி வந்தவர்கள் அத்தனை பேருக்கும் சாமியார் சொன்னது அச்சுப் பிசகாமல் பலித்திருந்தது.

சலவை நிலைய மேனேஜர் அவருக்குப் பரம பக்தர். முதல் நாளே சாமியார் அவர் காலரை முகர்ந்து, "நீ மாடா உழைக்கிற, பேர் வேற யாருக்கோ போகுது" என்று சொல்லிவிட்டார். உலகத்தில் எந்த மேனேஜரிடம் இதைச் சொன்னாலும் கண் கலங்கத்தான் செய்யும். இவருக்கும் கலங்கியது.

கலங்கிய கண் தெளியும் முன்பே வினை வந்தது. முதலாளி தன் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கோட்டுப் பையில் வைத்தபடியே இஸ்திரிக்குப் போட்டிருந்தார். கோட்டு திரும்பி வந்தது, கடிகாரம் வரவில்லை. சாமியார் கோட்டை முகர்ந்தார். பிறகு வேலைக்காரர்களின் மேலங்கிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தார். ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். அது மேனேஜரின் மச்சினியுடையது, இஸ்திரிப் பிரிவில் வேலை பார்க்கிறாள். மேனேஜரே சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட பெண்.

"சனிக்கிழமைக்குள்ள கடிகாரம் வரணும். இல்லைன்னா போலீஸ்" என்றார் முதலாளி. கோட்டின் மேல் பட்டுத்துணி போர்த்திச் சாமியாரின் நாற்காலிக் கையில் வைத்தார்கள். வாசனை கலந்துவிடும் என்று வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. சாமியார் மட்டும் தினமும் காலையில் ஒரு தரம் முகர்ந்து, திருடியின் வாடையை நினைவில் புதுப்பித்துக்கொள்வார்.

மேனேஜரின் மனைவி பல்பு ஃபாக்டரியில் தரம் பார்க்கிறவள். அன்று சாப்பாட்டு மேசையில் தட்டை வைத்த வேகத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"என் தங்கச்சி எடுத்தாளா?"

"சாமியார் சொல்றாரு. நான் என்ன பண்ண?"

"சரி. அவருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு முதல்ல வச்சுக்குவோம்."

"அதெப்படி அப்படி வச்சுக்கிறது?"

"அவளைத் திருடின்னு வச்சுக்க முடிஞ்சுதுல்ல? அதே மாதிரி இதையும் கொஞ்ச நேரம் வச்சுக்குங்க. எங்க ஃபாக்டரியில புது மிஷின் வந்தா, பிரமாதம்னு எவன் சொன்னாலும் கேட்க மாட்டோம். பழசுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லைன்னு வச்சுக்கிட்டுதான் பல்பை எண்ண ஆரம்பிப்போம். வித்தியாசம் இருக்குன்னா அதுவா காட்டட்டும்."

"சாமியாரை எப்படி எண்ணுவ?"

"பத்து மேலங்கி கொடுப்போம். பொய் சொன்னவன் போட்டதா, உண்மை சொன்னவன் போட்டதான்னு சொல்லட்டும். ஒண்ணும் தெரியாதவன் குருட்டாம்போக்குல சொன்னா எத்தனை சரியா வரும்? இந்தாங்க, காசைச் சுண்டிப் பாருங்க. பூவா தலையான்னு சொல்லிட்டுச் சுண்டுங்க."

மேனேஜர் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பத்துத் தரம் சுண்டினார். ஏழு சரியாக வந்தது. முகம் பூரித்துவிட்டது. "பாரு, எனக்கே ஏழு."

"அப்ப உங்க மூக்குக்கும் மாலை போட்டுருவோமா?" என்றாள். அவர் காசைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவளே லீவு போட்டுவிட்டு வந்து முதலாளியைப் பார்த்தாள். "ஐயா, சாமியார் பெருமையை ஊரே பார்க்கட்டும். ஜெயிச்சார்னா என் தங்கச்சியை நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்." தங்கை திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தாள். சாமியார் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்வார், பாவம்.

"ஜெயிச்சார்னா எப்படித் தெரியும்?" என்று கேட்டார் முதலாளி.

அதற்காக மத்தியான இடைவேளையில் சலவை நிலையமே காசு சுண்டியது. பெரும்பாலோருக்கு நாலு, ஐந்து, ஆறு. ஒரே ஒருவருக்கு மட்டும் எட்டு வந்தது. அவர் கொதிகலன்காரர். அவ்வளவுதான், அவருக்கு அருள் வந்துவிட்டது என்று பேச்சு கிளம்பிவிட்டது. துணி மடிக்கும் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் தன் மருமகன் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"எனக்குச் சளி பிடிச்சிருக்கும்மா" என்றார் கொதிகலன்காரர்.

"பரவாயில்ல. லேசா முகர்ந்தா போதும்."

மேனேஜரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பார்த்தீங்களா? இத்தனை பேர் சுண்டினா ஒருத்தருக்கு எட்டு சும்மாவே வரும். அதனால கோடு ஒன்பதுல, ஒன்பது சரியாச் சொன்னாத்தான் ஜெயிச்சதா கணக்கு. இப்பவே போட்டாச்சு. முகர்ந்து முடிச்சப்புறம் யாரும் கோட்டை நகர்த்தக்கூடாது."

மேனேஜர் அவளை ஓரமாக இழுத்தார். "ஒன்பதும் அதிர்ஷ்டத்துல வந்துட்டா?"

"வரலாம். நூறு பேர் சுண்டினா ஒருத்தருக்கு வரும். அந்த ஒருத்தர் இவரா இருந்தா என் தங்கச்சி அநியாயமா மாட்டுவா. ஆனா நீங்க இருக்கிற லட்சணத்துல ஒண்ணுமே சோதிக்காம விட்டா அவ நிச்சயமா மாட்டுவா."

பிறகு சாமியாரிடம் போய் அவருக்கு என்னென்ன வேண்டும் என்று பணிவாகக் கேட்டாள். ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், சோப்பு வாசனை கூடாது, மின்விசிறி கூடாது என்றார். வேறு? வேறொன்றும் வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை காலை பத்துப் பேருக்குப் புது மேலங்கி கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் மறைவாகக் காசு சுண்டி, பூ விழுந்தால் மத்தியானம் வரை பொய்யே பேச வேண்டும், தலை விழுந்தால் உண்மையே பேச வேண்டும். இப்படி ஒரு காலையை அந்தச் சலவை நிலையம் கண்டதில்லை. வண்டி ஓட்டுகிறவர் தன்னை இருதய டாக்டர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மை விழுந்தவர்கள் பாடு அதைவிட மோசம். கணக்கர் முதலாளியிடம் போய், அவருடைய மீசை அவருக்குப் பொருந்தவில்லை, எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று சொல்லித் தொலைத்தார்.

மத்தியானம் பத்து மேலங்கிகளும் எண் மட்டும் போட்ட ஒரே மாதிரிப் பைகளில் சாமியார் முன்னால் வந்தன. யாருடையது எது என்று பையைக் கொண்டுவந்தவருக்கே தெரியாது. சாமியார் முகர்ந்தார். நெற்றி வியர்த்தது. ஜன்னல் சாத்தியிருந்ததால் என்று சொன்னார்கள். மச்சினி சுவரோடு சுவராக நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பை எண்களைப் பத்துப் பேரும் எழுதிக் கொடுத்திருந்த சீட்டுகளோடு ஒத்துப் பார்த்தார்கள். சரியாகச் சொன்னது நாலு.

"நாலு சரியாச் சொல்லிட்டாரே" என்று கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார். அவரை என்ன செய்வது.

"அவநம்பிக்கைக்காரங்க பக்கத்துல இருந்தா மூக்கு அடைச்சிக்கும்" என்றார் சாமியார்.

"அன்னைக்குக் கேட்டப்ப இதைச் சொல்லலையே" என்றாள் மேனேஜரின் மனைவி.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீ நிரூபிச்சிட்டியா?"

"இல்லைங்க. தெரியும்னு நீங்க காட்டல. அவ்வளவுதான் சொல்றேன். ஒருத்தியைத் திருடின்னு கை நீட்டாம இருக்க அது போதும்."

சாமியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பட்டுத்துணியை உதறி எறிந்து, முதலாளியின் கோட்டைப் பற்றித் தூக்கினார். "இதோ சாட்சி. இதுல அவ வாடை இன்னும் அடிக்குது" என்று அதை மேசைமேல் ஓங்கி அடித்தார்.

டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

கோட்டுக்கு அப்படிச் சத்தம் வராது. முதலாளி மெதுவாகக் கையை விட்டுத் துழாவினார். பையின் அடியில் தையல் விட்டிருந்தது. அதன் வழியே உள்துணிக்குள் இறங்கி, கீழ் ஓரத்தில் பதுங்கியிருந்தது அவருடைய அப்பாவின் கைக்கடிகாரம். தினமும் காலையில் சாமியாரின் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்திருக்கிறது. யாரும் தொடக்கூடாது என்று சொன்னதால் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

சாமியார்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "பார்த்தீங்களா? வரவழைச்சிட்டேன்" என்று இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

நம்புங்கள், கூட்டத்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மேனேஜரின் கைகள்கூடப் பழக்க தோஷத்தில் கும்பிடுவதற்குப் பாதி தூரம் உயர்ந்துவிட்டன. மச்சினி அதைப் பார்த்துவிட்டாள்.

"மாமா, நான் எடுக்கலைன்னு உங்ககிட்ட அழுது சொன்னேன். நீங்க நம்பல. இந்த ஆள் என் மேலங்கியை முகர்ந்து சொன்னான். உடனே நம்பிட்டீங்க. நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

மேனேஜரின் கைகள் இறங்கின. வெட்கமாக இருந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. "தப்பு என்னோடதும்மா" என்றார். பிறகு சாமியாரின் தோளைப் பிடித்து, முதலாளியின் நாற்காலியிலிருந்து எழுப்பி, பின்வாசல் வழியாக வெளியே கொண்டுபோய் விட்டார்.

முன்வாசலுக்கு வந்து, எல்லாம் பித்தலாட்டம், வீட்டுக்குப் போங்கள் என்று கூட்டத்திடம் சொன்னார். கூட்டம் கலைந்தது. கலைந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய், கொதிகலன் அறை வாசலில் மறுபடி வரிசையாக நின்றது. அவருக்கு எட்டு வந்ததாமே.

கொதிகலன்காரர் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தும்மிக்கொண்டிருக்கிறார். தும்மலுக்கும் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். ஊரார் சட்டையையெல்லாம் முகரக் கொடுக்கிற புண்ணியவான்களே, உங்கள் காதில் விழுகிற சேதியையும் ஒரு தரம் முகர்ந்து பார்த்தால் உங்கள் மூக்கு என்ன தேய்ந்தா போய்விடும்?