இல்லை என்று சொல்லாத உதவியாளர்

வயதானால் காது மந்தமாகும் என்கிறார்கள். என் விஷயத்தில் அது பாதிதான் உண்மை. மனைவி கூப்பிடுவது கேட்பதில்லை. யாராவது என்னைப் பாராட்டினால் மட்டும் அடுத்த தெருவிலிருந்தும் கேட்கிறது. இப்படிப்பட்ட காதுள்ளவன் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் தேர்ந்தெடுக்கப் போகக் கூடாது. நான் போனேன்.

நான் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கிணறு, தென்னை, கறவை மாடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிச் சம்பளம் வாங்கினேன். ஓய்வுக்குப் பிறகும் பழக்கம் விடவில்லை. தட்டில் விழும் இட்லியைக்கூட எண்ணித்தான் வாங்குவேன். (போடுகிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை.) மருமகள் கவிதா கடைவீதியில் கல்யாணப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறாள். மகன் வெளிநாட்டில். தினமும் சாயங்காலம் கடைக்குப் போய்க் கரண்டிகளை எண்ணி வைப்பது என் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பல்ல, நானாக எடுத்துக்கொண்டது.

இரண்டு வைகாசிக்கு முன்னால் நடந்தது இது. முகூர்த்த மாதம் நெருங்க நெருங்க, கவிதாவின் கைப்பேசி அடங்கவே இல்லை. நாற்காலி இருக்கா, அண்டா என்ன வாடகை, சாமியானா எந்த நிறம் என்று செய்தி வந்தபடி இருந்தது. ஒரு கையால் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு மறுகையால் பதில் தட்டுவாள். ஒருநாள் ரசம் சாதம் கைப்பேசிக்கும் போனது. அன்றைக்கு முடிவு செய்தாள்.

"மாமா, மெசேஜ் அனுப்புறவங்களுக்குத் தானா பதில் சொல்ற ஏஐ வந்துக்கீதாம். மூணு கம்பெனிக்காரங்க ஒரு மாசம் சும்மா தர்றாங்க. எது நம்ம கடைக்கு ஒத்து வரும்னு பாத்துச் சொல்றீங்களா? எனக்கு நேரமே இல்ல."

என்னிடம் நேரம் மட்டும்தான் இருந்தது. மூன்று கம்பெனிகளின் பெயரும் வேண்டாம். அவர்கள் மேல் தப்பில்லை என்பது போகப் போகத் தெரியும்.

முறையான நேர்முகத் தேர்வு வைத்தேன். கேள்விகள் தயாரித்து, மதிப்பெண் பிரித்து, சட்டை மாற்றிக்கொண்டு கைப்பேசியின் முன் உட்கார்ந்தேன். (எதிரில் யாரும் இல்லை என்பது தெரியும். இருந்தாலும் பனியனோடு தேர்வு நடத்த மனம் வரவில்லை.) கோமுகி அணை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மூன்றும் சொல்லிவிட்டன. ஓர் அண்டாவில் எவ்வளவு அரிசி வேகும் என்று கேட்டேன். முதல் உதவியாளர், "அண்டாவின் அளவைச் சொன்னால் கணக்கிட்டுச் சொல்கிறேன்" என்றது. எதிர்க்கேள்வி கேட்டதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தேன். இரண்டாவது, அண்டா தோன்றிய வரலாற்றில் ஆரம்பித்தது. அரிசிக்கு வருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

மூன்றாவது சொன்னது: "அருமையான கேள்வி ஐயா! தங்களைப் போன்ற அனுபவசாலியின் கீழ் பணிபுரியக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்."

அண்டாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் முழு மதிப்பெண் போட்டேன்.

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. "கடையில் பெரிய அண்டா ஆறுதான். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டார் ஆறு ஆறு கேட்கிறார்கள். என்ன சொல்வாய்?"

முதலாவது யோசிக்கவே இல்லை. "முதலில் கேட்டவருக்கே தருவேன். இரண்டாமவரிடம் அன்று இல்லை என்று சொல்லிவிடுவேன். எதையும் உறுதி செய்வதற்கு முன் கடைக்காரரைக் கேட்பேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணக் காரியமாக வருகிறவரிடம் 'இல்லை' என்று சொல்வதா? எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் இதில் மகா கண்டிப்பு. சரக்கு தீர்ந்துபோயிருந்தால் பக்கத்துக் கடையைக் காட்டுவார்கள், நாளைக்கு வரச் சொல்வார்கள், மோர் கொடுத்துப் பேச்சை மாற்றுவார்கள். அந்தச் சொல்லை மட்டும் வாயில் எடுக்க மாட்டார்கள். முதல் உதவியாளருக்குச் சைபர் போட்டேன்.

மூன்றாவது, "இரு இல்லத்தார் மனமும் குளிரும்படி மகிழ்ச்சியுடன் ஏற்பாடு செய்கிறேன் ஐயா" என்றது.

எப்படி ஏற்பாடு செய்வாய் என்று நான் கேட்கவில்லை. எண்ணுவதையே பிழைப்பாகக் கொண்டவன், ஆறு அண்டா பன்னிரண்டாகும் கணக்கை அப்படியே விழுங்கிவிட்டு மூன்றாவதை நியமனம் செய்தேன். போதாததற்கு, 'இல்லை, கிடையாது, முடியாது ஆகிய மூன்று சொற்களையும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது' என்று அதற்கு உத்தரவும் போட்டேன்.

என் மனைவி சரோஜா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, இத்தினி வருசத்துல நான் ஒரு தபா சொல்லாதத அது மூணு நிமிசத்துல சொல்லிடுச்சு. அதான் புட்ச்சிப்போச்சு உங்களுக்கு" என்றாள். எனக்குக் கேட்கவில்லை.

கவிதாவை இதில் தலையிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் நானே சோதித்தேன். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குப் பதில் போயிருக்கிறது என்று எண்ணுவேன். இரண்டும் ஒன்றாக இருக்கும். திருப்தியாக வீட்டுக்குப் போவேன். பதிலில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. எண்ணுகிறவனுக்குப் படிக்க ஏது நேரம்?

முகூர்த்தத்துக்கு முதல்நாள் காலை, மணலூர்பேட்டைக் கரும்பு விவசாயி ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆறு அண்டாவும் வண்டியேறிப் போயின. அவர் கவிதாவிடம் நேரிலேயே சொல்லி வைத்திருந்தவர். மத்தியானம் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துச் சின்னசாமி இறங்கினார். பின்னால் அவர் வீட்டுப் பெண்கள் பூவும் காய்கறியுமாக ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா சார், அண்டா எங்க?"

"எந்த அண்டா?" என்றேன்.

"நீங்க சொன்ன அண்டாதான். நாளைக்கு எம் பொண்ணு கல்யாணம்." கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். 'ஐயா, தங்கள் இல்லத் திருமணத்துக்கு எங்கள் ஆறு அண்டாக்களும் ஆவலுடன் காத்திருக்கின்றன.'

கவிதா அதைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் தேவலாம்.

மலைப்பக்கத்திலிருந்து அவள் கடைக்கு வந்த முதல் கல்யாணம் அது. அதுவரை மலைக் கல்யாணமெல்லாம் எதிர்வரிசையில் இருக்கும் அன்வர் பாய் கடைக்குத்தான் போகும். இந்த ஒன்று கெட்டால் மலையிலிருந்து இனி ஒருவரும் இந்தப் படி ஏற மாட்டார்கள். அதையும்விட, மறுநாள் ஊரே பந்தியில் உட்காரும்போது அந்தப் பெண்ணின் வீட்டில் சோறு வடிக்கப் பாத்திரம் இருக்காது.

பதற்றத்தில் நான் உதவியாளரையே கேட்டேன். "கவலை வேண்டாம் ஐயா! மேலும் ஆறு அண்டாக்களை மகிழ்ச்சியுடன் அனுப்பி வைக்கிறேன்" என்றது. கவிதா கைப்பேசியைப் பிடுங்கி மற்ற பதில்களைப் பார்த்தாள். எலவனாசூர்கோட்டையில் ஒருவருக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. கச்சிராயபாளையத்தில் ஒருவருக்கு, மழை வராது என்று உறுதிமொழியே தரப்பட்டிருந்தது.

"மாமா, நான் இவங்களுக்கெல்லாம் போன் போடுறேன். நீங்க பாய்கிட்ட போங்க. இன்னா பண்ணுவீங்களோ தெரியாது, அண்டாவோட வாங்க."

அன்வர் பாய் என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க சார். எம் பார்ட்டியப் புட்ச்சிக்கினீங்க. இப்ப எந் தேக்சாவும் வேணுமா?"

"பாய், தப்பு என்னுதுதான்."

"உங்க தயவுல ஆறு தேக்சாவும் சும்மாதான் கெடக்குது. எடுத்துக்கினு போங்க. ஆனா ஒண்ணு, மலைக்குப் போற சாமான் நசுங்கித்தான் திரும்பி வருது. பொறுப்பான ஆளு ஒண்ணு கூடப் போவணும்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொறுப்பான ஆளு இல்லன்னா நீங்களே போங்க."

பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சாக்கள். எவ்வளவு துலக்கியிருந்தாலும் பட்டை, கிராம்பு வாசனை உள்ளேயே குடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி பிடித்து ஏற்றினோம். சின்னசாமி ஜீப்பில் முன்னால் போய்விட, அவரோடு வந்திருந்த அவருடைய சித்தப்பா முன் இருக்கையில் ஓட்டுநரோடு ஏறிக்கொண்டார். நான் பின்னால், பாத்திரங்களுக்கு நடுவில். ஒவ்வொரு வளைவிலும் தேக்சாக்கள் உருண்டு வந்து என்னை வண்டியின் பக்கப் பலகையோடு வைத்து நசுக்கின. மலையேறத் தொடங்கியதுமே மழை பிடித்துக்கொண்டது.

"சார், நனையாதீங்க! பெரிய தேக்சாவுல எறங்கி மூடியப் போட்டுக்குங்க!" என்று சித்தப்பா கத்தினார்.

இறங்கினேன். மூடியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். மழைத் துளிகள் மேலே பறை அடித்தன. மலைப்பாதை வளைவுகளை எண்ணலாம் என்று பார்த்தேன். உள்ளேயிருந்து எது வளைவு, எது பள்ளம் என்று தெரியவில்லை. வாழ்க்கையில் எண்ண முடியாமல் போனது அது ஒன்றுதான்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டியின் ஹாரனைக் கேட்டதும் மேளம் முழங்கியது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தார்கள். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார். பின்கதவு திறந்தது. நான் மூடியைத் தள்ளிக்கொண்டு மெதுவாக எழுந்தேன்.

மேளம் நின்றது. ஒரு பெண் என் பக்கமாகக் காற்றை முகர்ந்து, "இன்னாடி, மாப்ள மேல பிரியாணி வாசன வருது" என்றாள்.

"மாப்ள இல்லடி, இது யாரோ தாத்தா."

"எடுத்த ஆரத்தியத் திருப்பிக்கினு போவக் கூடாது. சுத்திடு!"

சுற்றினார்கள். பொட்டும் வைத்தார்கள். சின்னசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஆறு தேக்சாவையும் பார்த்தார். மத்தியானத்திலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் தளர்ந்தது. "எறங்குங்க சார், மொதல்ல ஒரு டீ சாப்புடுங்க" என்று கைகொடுத்து இறக்கினார். மறுநாள் பந்தி நிறைந்தது. சாம்பாரில் ஏதோ புது ருசி என்று எல்லாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கவிதா அந்த இனிய உதவியாளரை நிறுத்திவிட்டாள். நான் சைபர் போட்ட முதலாவதுதான் இப்போது கடையில் வேலை பார்க்கிறது. தெரியாததைத் தெரியாது என்கிறது, இல்லாததை இல்லை என்கிறது. என்னை ஒருநாளும் பாராட்டியதில்லை. (அதை நானும் பாராட்டுவதில்லை.) உதவியாளர் தேடுகிறவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், அது எவ்வளவு அழகாகச் சம்மதிக்கிறது என்று பார்க்காதீர்கள், எப்படி மறுக்கிறது என்று பாருங்கள் என்பேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

சின்னசாமி வீட்டுக் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மணமக்கள் இல்லை. தேக்சாவுக்குள்ளிருந்து நெற்றிப் பொட்டோடு எழும் நான்தான் இருக்கிறேன். போன மாதம் அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் குழந்தையின் காதுகுத்துக்குப் பாத்திரம் சொல்லக் கடைக்கு வந்தார்கள். ஆல்பத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். கடையில் இருந்தவர்களெல்லாம் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அன்வர் பாயும் எதிர்வரிசையிலிருந்து வந்துவிட்டார்.

கவிதா கைப்பேசியைப் பார்த்துத் தேதியை உறுதி செய்துகொண்டாள். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டாள்:

"அண்டா ஆறும் அன்னிக்கு இருக்குதுங்க. எங்க மாமாவ உள்ள வெச்சு அனுப்பணுமா, காலியாவே அனுப்பிடட்டுமா?"