கொசுவலைக்குள் காட்டு நெல்

நெல்லுக்குக் கொசுவலை கட்டிவிட்டு, கட்டிய மனைவியைக் கொசுவிடம் ஒப்படைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் காலனியின் 'காட்டுநெல் சார்'.

தொண்ணூறுகளில் எங்கள் ஆபீஸ் குவார்ட்டர்ஸ் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்கொரு தோட்டம், சிறந்த தோட்டத்துக்குக் குடியரசு தினத்தன்று கோப்பை. பெரிய பெரிய ஆராய்ச்சி மூளைகளெல்லாம் ஜனவரி பிறந்தால் ரோஜாவுக்கு முட்டை ஓடு இடித்துக்கொண்டிருக்கும். நானும் இடித்தேன்.

இவர் மட்டும் ஏரிக்கரையில் தானாக முளைத்துக் கிடந்த காட்டு நெல்லைப் பிடுங்கி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக் கொண்டுவந்து, வாசலில் சேறு கலக்கி நட்டார். அந்த நெல்லுக்கு ஒரு கெட்ட குணம். பழுத்தபின் தொட்டால் போதும், மணி உதிர்ந்துவிடும். குருவி உட்காரக் கூடாதென்றுதான் கொசுவலை.

"அந்த வலைக்குள்ள எனக்கும் ஒரு பாய் போடுங்க" என்றார் அவர் மனைவி.

"பிப்ரவரியில ரிட்டயர் ஆகி வீட்டைக் காலி பண்றேன். அதுக்குள்ள காலனில எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் பொங்கல்!" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சத்தியம் செய்தார்.

"ஒரு ஸ்பூனுக்கு இலை போடுவீங்களா சார்?" என்றேன்.

"கை கழுவிட்டு வாங்க, போதும்."

நடுவர்கள் வருவதற்கு முதல் நாள், சார் ஆபீஸில் இருந்த நேரம், காலனியில் புல் வெட்டும் ஏகாம்பரம் அரிவாளோடு வந்தார். ஒழுங்கான ஆள். கொசுவலையை அழகாக மடித்துச் சுவர்மேல் வைத்துவிட்டு, நெல்லை ஒட்ட அறுத்துப் போட்டார்.

நடுவர்கள் பார்த்தார்கள். 'ஆடம்பரமில்லாத புல்தரை' என்று மெச்சி முதல் பரிசு கொடுத்துவிட்டார்கள்! என் ரோஜாவுக்கு ஆறுதல் பரிசு.

மேடையில் கோப்பையை வாங்கும்போது மனிதருக்கு உதடு துடித்தது. அதற்குமேல் எங்களால் சிரிக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு காலனியே அவர் வாசலில் குனிந்து, உதிர்ந்த மணிகளைப் பொறுக்கியது. கோப்பையில் பாதி தேறியது. குத்திப் பொங்கி, ஆளுக்கொரு ஸ்பூன் கொடுத்தார். கடைசியில் மிஞ்சியது அவருடைய பங்கு மட்டும்தான்.

ஏகாம்பரம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். "புல்லுன்னு நென்ச்சுகினேன் சார். பேஜாரு பண்ட்டேன்."

"நெல்லும் புல்லு ஜாதிதான்யா. வா, ஆறிடப்போகுது" என்று தன் ஸ்பூனை அவர் கையில் கொடுத்தார்.

தான் வளர்த்த நெல்லின் ருசி தெரியாமலேயே வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். எங்கிருந்தாவது இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்களா சார்? பிரமாதமாக இருந்தது, மணலோடு.