நெஞ்சிலிருந்து வந்த கரி

பிப்ரவரி 22, ஞாயிறு.

வெள்ளிக்கிழமைக் குறிப்பில், சாமியிடம் வந்த கூட்டம் நானூற்றுப் பன்னிரண்டு பேர் என்று எழுதியிருக்கிறேன். பிழை. வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணிவிட்டு இரண்டால் வகுக்க மறந்துவிட்டேன். இருநூற்று ஆறு பேர்.

சாமியின் பெயர் வெள்ளைச்சாமி. எடுப்பது கரி. ஆறு மாதமாகக் குள்ளஞ்சாவடி சாலையோரத் தகரக் கொட்டகையில் எடுக்கிறார். எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. சாமியைப் போய் அப்படிக் கேட்பார்களா? ஆஸ்துமாக்காரர்களின் நெஞ்சில் பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சுவார். வாழையிலையில் துப்புவார். கரித்துண்டு விழும். எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக் கரி நெஞ்சில் சேர்ந்துவிட்டதாம். பெர்மனென்ட், கான்ட்ராக்ட் தொழிலாளர் பேதமில்லாமல் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதை அங்கேதான் பார்த்தேன்.

அம்மா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை. பல வருட ஆஸ்துமா, வாயில் வைத்து இழுக்கும் பஃப்பரால் அடங்கியிருந்தது. போன வாரம் காய்ச்சல் வந்தது, சளி மஞ்சளானது, நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சங்கரலிங்கம் மாமா சாமியைப் பற்றிச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை நான்தான் அழைத்துப் போனேன். பஃப்பரை நிறுத்தச் சொன்னார் சாமி. அதை பீரோவில் வைத்துப் பூட்டியதும் நான்தான்.

மாலை நேர அறிவியல் வகுப்பில் சோதனைக் குறிப்பு எழுதிப் பழகியவள் என்பதால், அம்மாவுக்கு எடுத்த கரியைப் பற்றி அன்றே ஒழுங்காக எழுதினேன். 'நிறம்: கறுப்பு. வந்த இடம்: சுரங்கம்.' இரண்டு வரிக்கும் அடிக்கோடு வேறு.

இரண்டே நாளில் அம்மாவால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. இன்று காலை மறுபடி போனோம். ஒரு கரி போதவில்லை என்று நினைத்தேன்.

சாமி உறிஞ்சினார், துப்பினார். கூட்டம் கைகூப்பியது. அம்மா மட்டும் அந்தக் கரியை எடுத்துத் தன் வெள்ளைத் துண்டில் தேய்த்தார்.

"சாமி... இருவது வருசமா பெல்ட்டாண்ட நின்னுகினு இருக்கேன்." மூச்சு வாங்கினார். "நம்ம கரி பழுப்புங்க. இது கறுப்பு. இஸ்திரிப் பெட்டிக் கரி."

"உள்ள வெந்து கறுத்துப் போச்சும்மா" என்றார் சாமி. கூட வந்திருந்த சங்கரலிங்கம் மாமா தலையாட்டினார். மாமாவும் முப்பது வருடம் அந்தப் பழுப்புக் கரியை மிதித்தவர்தான்.

அம்மா வெந்நீர் பாட்டிலை நீட்டினார். "அப்ப சரிங்க. வாயக் கொப்புளிச்சிட்டு... இன்னொண்ணு எடுங்க."

விரதமாம், பொழுது சாயும்வரை வாயில் தண்ணீர் படக் கூடாதாம்.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் மலர்கொடி அக்கா வரிசையிலிருந்து கேட்டார்: "காலைல நம்ம கடையில ரெண்டு டீ குடிச்சீங்களேங்க. அது தண்ணியில போட்டது இல்லீங்களா?"

கூட்டம் சிரித்தது. சாமி அவசரமாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தார், புரையேறியது. இருமினார். கன்னத்தில் அடுத்தவர்களுக்காக அடக்கி வைத்திருந்த மூன்று துண்டுகள் இலையில் விழுந்தன. ஆறு மாதத்தில் அந்தக் கொட்டகையில் நிஜமாகவே இருமிக் கரி துப்பிய ஒரே ஆள் அவர்தான்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் வெள்ளைத் திட்டு. பாக்டீரியா தொற்று போலிருக்கிறது என்றார் டாக்டர். ஏற்கெனவே சுருங்கும் மூச்சுக்குழாயைத் தொற்று இன்னும் வீங்க வைக்குமாம். எல்லா இழுப்புக்கும் காரணம் பாக்டீரியா அல்ல, பல நேரம் வைரஸ்தான், அதனால் நாமாக ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடக் கூடாது என்றார். அம்மாவுக்கு இன்றே ஊசி, ஆக்சிஜன். பஃப்பரை நிறுத்தியது யார் என்று கேட்டார். கை தூக்கினேன். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று தொடங்கியவர், அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் பார்க்க வந்த மாமா, வடலூர் பக்கம் உண்மையான சாமி ஒருவர் இருப்பதாகச் சொன்னார். அம்மா ஆக்சிஜன் முகமூடியை நகர்த்தி, "அவரையும் மொதல்ல கொப்புளிக்கச் சொல்லுங்க" என்றார்.

இருநூற்று ஆறு பேருக்கும் நம் ஊர்க் கரியின் நிறம் தெரியும். கும்பிடக் கையைச் சேர்த்தபோது கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டோம். அறிவைச் செருப்போடு வாசலில் விட்டிருக்கிறோம். திரும்பும்போது செருப்பை மட்டும் தேடியிருக்கிறோம். நானோ அதையும் எண்ணத் தெரியாமல் எண்ணியிருக்கிறேன்.

நாளை: எந்தக் கிருமி என்று பார்க்க, காலை ஆறு மணிக்குச் சளி மாதிரி கொடுக்க வேண்டும். அதற்கு முன் அம்மா நன்றாக வாய் கொப்பளிக்க வேண்டும். அது லேபின் விதி.