ரிப்பன் வெட்டாத சார்ஜ் நிலையம்

ஒரு காட்டில் கரடி ஒன்று இருந்தது. அதற்குச் சொந்தமாக ஒரு தேன்மரம் இருந்தது. பழைய டீசல் வண்டியில் தேனை ஏற்றிப்போய்ச் சந்தையில் விற்றுக் குடும்பம் நடத்தியது. அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதையே தேவைப்பட்டிருக்காது.

மின்சாரக் கார் வாங்கினால் பாதி விலை மானியம் என்று சிங்கராஜா அறிவித்தார். சொன்னது சிங்கம் என்பதால் காடே கைதட்டியது. கரடி டீசல் வண்டியைக் காயலான் கடையில் போட்டது. முதல் மழைக்குள் மீட்பதாகச் சொல்லித் தேன்மரத்தை முதலையிடம் அடகு வைத்துக் கார் வாங்கியது. அதற்குள் மானியம் வந்துவிடும், மரத்தை மீட்டுவிடலாம் என்று அதற்கு நினைப்பு. இது எங்கே சார்ஜ் ஏறும் என்று பெண்டாட்டி கேட்டதற்கு, முன்னேற்றத்தைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டது.

நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, சில நாள் ஜம்பமாக ஓட்டியது. சார்ஜ் தீர்ந்ததும் குகையில் பிளக்கைச் சொருகியது. மலை முழுக்க ஃபியூஸ் போய்விட்டது. பக்கத்து வளை முயல்கள் சண்டைக்கு வந்துவிட்டன.

ஆற்றங்கரையில் ராஜா கட்டிய சார்ஜ் நிலையம் தயாராகத்தான் இருந்தது. கரண்ட் வந்திருந்தது. ஆனால் மெஷின்மேல் துணி போர்த்தி, குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது. கரடி அங்கிருந்த அதிகாரி நரியிடம் கெஞ்சியது.

"ராஜா வந்து ரிப்பன் வெட்டாம சொட்டு கரண்ட் குடுக்க முடியாதுங்க" என்றது நரி.

"எப்ப வருவாருங்க?"

"நல்ல நாள் பாத்துக்கிட்டிருக்காங்க."

இந்த நிலையத்தில் ஒருமுறையாவது சார்ஜ் ஏற்றினால்தான் மானியம் என்பதையும் நரி அப்போதுதான் சொன்னது. வானம் மழைக்கு இருட்ட ஆரம்பித்திருந்தது.

ஒருவழியாக நாள் குறித்தார்கள். ராஜா மக்களுக்கு முன்மாதிரியாகத் தன் மின்சாரக் காரிலேயே கிளம்பினார். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்தது. நிலையம் திறக்காமல் கார் நகராது, கார் நகராமல் நிலையம் திறக்காது. இறங்கி நடப்பது ராஜாவுக்கு மரியாதையில்லை. நரி ஓடிப்போய்க் கரடியை அழைத்து வந்தது. கரடி மரத்தை நினைத்துக்கொண்டு தள்ளியது, மேட்டிலும் தள்ளியது. அது மூச்சு முட்டுவதை ராஜா கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் வந்தார்.

மேடை ஏறியதும் ராஜா பேசினார். "மின்சாரமே இல்லாமல் மின்சாரக் கார் ஓடுகிற ஒரே காடு நம் காடுதான். அப்புறம் சார்ஜ் நிலையம் எதற்கு? மானியம் எதற்கு?"

காடே கைதட்டியது. வெட்கக்கேடு, பழக்கதோஷத்தில் கரடியும் தட்டியது.

நிலையம் நரியின் மச்சானுக்குக் கல்யாண மண்டபமாகப் போனது. முதல் மழையன்று முதலை தேன்மரத்தை எடுத்துக்கொண்டது. கரடிக்கு மட்டும் அரண்மனையில் நிரந்தர வேலை கிடைத்தது, ராஜாவின் காரைத் தள்ளும் வேலை. தினமும் காலையில் பெண்டாட்டி ஊற்றும் கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் அது தள்ளப் போகிறது. கார் எங்கே சார்ஜ் ஏறும் என்று அவள் கேட்டாளே, அவள் அடுப்படியில்தான் ஏறுகிறது.

நீதி: மின்சாரக் காருக்கு எரிபொருள் செலவே கிடையாது. தள்ளுகிறவன் வீட்டில் கஞ்சி இருந்தால் போதும்.