ஐந்துக்கு ஐந்து எடுத்த மோட்டார் சைக்கிள்

மேலதிகாரி கேட்கும் கேள்விக்கு "யேஸ்" என்பதைத் தவிர வேறு பதிலும் இருக்கலாம் என்பது முப்பது வயது வரை எனக்குத் தெரியாது. கொழும்பில் நான் முதலில் வேலை பார்த்த கந்தோரில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அங்கே பெரியவருடன் கரம் பலகையில் விளையாடினால் தோற்க வேண்டும். ஒருவர் மறதியில் வென்றுவிட்டார். அடுத்த மாதமே அவரைத் தூரத்து அம்பாறைக்கு மாற்றினார்கள். (இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொன்னார்கள். நாங்கள் நம்பவில்லை.) சிட்னிக்கு வரும்போது நிறையச் சாமான்களை விட்டுவிட்டு வந்தேன். இந்தப் பயத்தை மட்டும் விடவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பம்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர் வேலை, ஆறு மாதம் தற்காலிகம். அது முடிந்து "நிரந்தரம்" என்று ஒரு கடிதம் தந்தால்தான் ஊரில், கொக்குவிலில் இருந்த என் மனைவி வசந்தியைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போடலாம். கலியாணம் முடித்து இருபத்தொரு நாளில் விமானம் ஏறியவன் நான். அவள் எழுதுவதெல்லாம் "கடிதம் தந்திட்டாங்களோ?" என்றுதான் தொடங்கும், சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஐந்தாவது மாதம் முடிந்தும் ஒன்றும் வரவில்லை.

அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் கொலின், எங்கள் பகுதி மனேஜர். ஒருநாள் தேநீர் நேரத்தில், மோட்டார் சைக்கிள் ஓடுவாயா என்று என்னைக் கேட்டார். யேஸ் என்றேன். (மைத்துனரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போயிருக்கிறேன். பல தடவை.) ட்ரயல்ஸ் பிடிக்குமா என்றார். அது என்ன சாமான் என்று தெரியாமலே அதற்கும் யேஸ். தன்னுடைய பழைய ட்ரயல்ஸ் மோட்டார் சைக்கிளை விற்கலாமென்று யோசிப்பதாகச் சொன்னார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் அதை வாங்கிவிட்டேன்.

சிட்னிப் புறநகர் பென்டில் ஹில்லில் நானும் சிவபாலன் என்ற கணக்காளனும் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். கொலின் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன பிறகு சிவபாலன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான்.

"மச்சான், இதில சீற் எங்கயடா?"

"உதுதான் சீற்."

"உதோ? பாண் துண்டு மாதிரியெல்லே கிடக்கு. வசந்தி வந்தா எங்க இருத்தப் போறாய்?"

வசந்தி வருவதற்காகத்தான் இதை வாங்கினேன் என்று சொன்னால் அவனுக்கு விளங்கியிராது. உண்மையில் அது இருந்து ஓடுகிற வண்டியே அல்ல. எழுந்து நின்றுகொண்டு பாறை, ஓடை, சேறு எல்லாவற்றிலும் மெல்ல மெல்ல ஏற்றி இறக்குகிற வண்டி. பெற்றோல் தாங்கி ஒரு தேநீர்க் கேத்தல் அளவுதான் இருக்கும். முதலாவது கியரில் அதன் வேகம் ஆள் நடக்கிற வேகம். வீட்டின் பின்வளவில் மூன்று வாரம் பழகினேன். உடுப்புக் காயப்போடும் கம்பியில் இரண்டு தடவை கழுத்து மாட்டியது. எஞ்சின் சூடாகினால் நிற்கும், ஆறினால் கிளம்பாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டியே என் விரல்கள் கறுத்துவிட்டன. அந்த விரல்களோடு வரைபடத்தைத் தொட்டதற்கும் வேலையில் பேச்சு வாங்கினேன்.

மூன்றாவது வாரம் கொலின், ஞாயிற்றுக்கிழமை எங்கள் மோட்டார் சைக்கிள் கழகப் போட்டிக்கு வா என்றார். வரும்போது எயர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போட்டுக் கொண்டு வா என்றும் சொன்னார். இரண்டுக்கும் யேஸ்.

எயர் ஃபில்டர் என்பது எஞ்சினுக்குள் போகிற காற்றில் தூசியைப் பிடிப்பதற்கு வைத்திருக்கும் ஒரு ஸ்பொஞ்சு. அதைக் கழுவுவதற்காக வெள்ளிக்கிழமை மத்தியானமே வேலையில் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டேன். என் மேசைப் பக்கம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கழுவிய ஸ்பொஞ்சு சனிக்கிழமை மத்தியானம்தான் காய்ந்தது. அந்த நாட்களில் சனி மத்தியானத்தோடு சிட்னியில் கடைகளெல்லாம் பூட்டிவிடுவார்கள். வீட்டில் இருந்தது ஒரேயொரு எண்ணெய்: சனி முழுக்குக்கென்று வசந்தி ஆள் வசம் கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய்.

"எண்ணெய் எண்டா எண்ணெய்தானேடா. அதுவும் இது செக்கில ஆட்டினது" என்றான் சிவபாலன்.

செக்கு என்றதும் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அரைப் போத்தலை ஊற்றினேன். ஊற்றிய பிறகு நன்றாகப் பிழிந்துவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருப்பார்கள். நான் யேஸ் சொல்லியிருப்பேன்.)

ஞாயிறு காலை கொலினின் வாகனத்தில் வண்டிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சிவபாலனும் சேர்த்து மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனோம். போட்டி விதிகளை அவர் வழிநெடுக விளக்கினார். அவருடைய ஆங்கிலத்தில் பத்துச் சொல்லுக்கு மூன்றுதான் எனக்குப் பிடிபட்டது. பத்துக்கும் தலையாட்டினேன். என் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: இன்றைக்கு இந்த மனிதர் முன்னால் மானம் போனால் கடிதமும் போச்சு, வசந்தி வருவதும் போச்சு.

நகருக்கு மேற்கே ஒரு மாட்டுப்பண்ணை. ஓடைக்கரையிலும் பாறைகளிலும் நாடா கட்டிப் பத்துக் கட்டங்கள் பிரித்திருந்தார்கள். காலையில் ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் அட்டையோடு நின்று புள்ளி போடுவார். முதல் கட்டத்தில் பெரில் என்ற தலை நரைத்த பெண்மணி, மடக்குக் கதிரையில் போர்வையோடு இருந்தார்.

நான் முறுக்கியதும் வண்டி ஒரு கத்துக் கத்தி, வெள்ளைப் புகை விட்டு, பாறைக்கு முன்னால் நின்றது. நிற்கவில்லை, சரிந்தது. நானும் கூடவே போனேன். ஓடைத் தண்ணீர் சப்பாத்துக்குள் இறங்கியது. பெரில் என்னை இரக்கத்தோடு பார்த்துக் கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்தார்.

"ஃபைவ்!"

கரையிலிருந்து சிவபாலன் கத்தினான்: "மச்சான், ஐஞ்சுக்கு ஐஞ்சு!"

எனக்கே நம்பமுடியவில்லை. விழுந்ததற்குமா? அடுத்ததாக வந்த கொலின் எழுந்து நின்றபடி, காலை ஒரு இடத்திலும் ஊன்றாமல், தபால் கந்தோர் வரிசையில் நகர்பவர் போல அந்தப் பாறையில் ஏறி இறங்கினார். சத்தமில்லை, வேகமில்லை. பெரில் கையைப் பொத்திக் காட்டினார். பூச்சியம். ஊர்ந்து போனால் யார் மார்க் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மோட்டார் சைக்கிள் போட்டியென்றால் ஒரு வீரம் வேண்டாமா?

இரண்டாம் கட்டத்திலும் வண்டி நின்றது. ஐந்து. மூன்றாவதில் மரத்தோடு மோதினேன். ஐந்து. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படித் தொடர்ந்து எடுத்ததில்லை. சிவபாலன் சிகரெட் பெட்டியில் கணக்கு எழுதிக்கொண்டே வந்தான். பத்துக் கட்டம் முடிய அவன் முகம் மாறிவிட்டது.

"நீ அம்பது. கொலின் ஆறு" என்றான் மெல்ல. "டேய், நீ சொன்ன அந்தக் கரம் விளையாடி அம்பாறைக்குப் போன மனுசனை நினைச்சுப் பார்."

அப்போதுதான் எனக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. ஓடைத் தண்ணீரால் அல்ல. மனேஜரை நாற்பத்துநான்கு புள்ளியால் அடித்திருக்கிறேன், அதுவும் அவருடைய கழகத்து ஆட்கள் முன்னால். என் கண்ணில் வசந்தி கொக்குவில் கேற்றடியில் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப என்னடா செய்யிறது?"

"கால் ஊண்டினவைக்கு மூண்டுதான் போடுறாங்கள், நான் கவனிச்சனான். ரெண்டு காலையும் ஊண்டடா. எவ்வளவு ஏலுமோ அவ்வளவு ஊண்டு."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொலின் வந்து என் வண்டிக்கு வைத்தியம் பார்த்தார். பிளக்கைக் கழற்றினார். பெற்றோல் குழாயை ஊதினார். கடைசியில் எயர் ஃபில்டரை இழுத்தெடுத்தார். முழங்கை வரை எண்ணெய் வழிந்தது. மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார்.

"என் மனைவி அனுப்பியது" என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு ஸ்பொஞ்சைப் பிழிந்து பூட்டினார். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. மனுசன் இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே, இவரையா தோற்கடித்தேன் என்று எனக்கு அழுகை வந்தது.

இரண்டாம் சுற்றில் பத்துக் கட்டத்திலும் இரண்டு காலையும் நிலத்தில் தேய்த்துத் தேய்த்து, தாராக் குஞ்சு நடப்பது போலக் கடந்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று. ஒவ்வொன்றுக்கும் கொலின் கை தட்டினார். பார்த்தாயா, நான் குறைய எடுக்க எடுக்க மனுசனுக்குச் சந்தோசம் என்று சிவபாலனுக்குக் கண்ணைக் காட்டினேன். ஆனாலும் மொத்தம் எண்பது. கொலின் பதினொன்று.

பரிசு கொடுக்கும் நேரம் வந்தது. கொலினுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். ஆறுதல் பரிசு என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் என் பெயரைக் கூப்பிட்டு, சிவப்பு ரிப்பன் கட்டிய மர அகப்பை ஒன்றைக் கையில் தந்தார்கள். பெரிய பரிசைக் கடைசியில்தானே கொடுப்பார்கள்? அகப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினேன்.

"கொலின் மிகவும் திறமையானவர். இன்றைக்கு அவருக்கு நாள் சரியில்லை. என்னைவிடக் குறைய எடுத்துவிட்டார் என்று யாரும் குறைவாக நினைக்கக் கூடாது. மத்தியானம் நான் எவ்வளவோ முயன்று பார்த்தேன், அப்படியும் எண்பது வந்துவிட்டது. தயவுசெய்து மன்னிக்க வேண்டும்."

ஒரு மாடு கத்தியது. பிறகு பெரில் கதிரையிலிருந்து வழுகிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். புள்ளி என்பது குற்றத்துக்குப் போடுவது, குறைய எடுத்தவனே வென்றவன், அகப்பை கடைசி ஆளுக்கு என்று அவரே கண்ணைத் துடைத்துத் துடைத்து எனக்கு விளக்கினார். சிவபாலன் சிகரெட் பெட்டியைக் கசக்கி ஓடைக்குள் எறிந்தான்.

கொலின் மட்டும் சிரிக்கவில்லை. தன்னிடம் தோற்க நான் ஏன் அவ்வளவு பாடுபட்டேன் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு யேஸ் சொல்ல முடியவில்லை. கடிதத்தையும் வசந்தியையும் இருபத்தொரு நாளையும் சொன்னேன். அம்பாறையையும் சொன்னேன்.

"அந்தக் கடிதமா?" என்றார் கொலின். "வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டு உன் மேசையில் வைத்தேனே. நீதான் ஃபில்டர் கழுவ ஓடிவிட்டாய்."

வசந்தி அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள். நல்லெண்ணெய் எப்படி என்று விமான நிலையத்திலேயே கேட்டாள். சிவபாலன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். (அவன் செக்கு என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை.) வண்டியை விற்றுவிட்டோம். அகப்பை இன்றைக்கும் குசினியில் இருக்கிறது, ரிப்பன்தான் போய்விட்டது. நான் எப்போதாவது கறி வைத்தால், வசந்தி அதில் அள்ளி ருசி பார்த்துவிட்டு, மற்றக் கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவாள். பிள்ளைகள் "ஃபைவ்!" என்று கத்துவார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த விரல்களைக் கண்டதும் ஒரு கணம் எனக்குச் சந்தோசமாகத்தான் இருக்கிறது.