உன் அக்காளிடமிருந்து என் விமானத்தை மீட்பது சம்பந்தமாக

அன்பிலும் அறிவிலும் என்னைவிட ஒரு படி மேலான மைத்துனனுக்கு, உன் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் சுகம். உன் அக்காள் எங்கள் இருவரையும்விடச் சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

மச்சான், இதை உன் அக்காளுடைய தையல் கடையில் உட்கார்ந்து, அளவு வெட்டுகிற பழுப்புத் தாளில் எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன் இன்று பட்டன் டப்பாவுக்குக் காவல். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்காரி எங்கே என்று கேட்பாய். மைதானத்தில் என் விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். போன் பண்ணிச் சொல்லக் கூடாதா என்றும் கேட்பாய். போனையும் அவள்தான் கொண்டுபோயிருக்கிறாள், படம் எடுக்க. ஆகவே இதை எழுதி முடித்து உங்கள் ஊர்ப் பக்கம் போகிற நம் பழைய டிப்போ ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். சாயங்காலம் உன் கைக்கு வந்துவிடும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நீ இங்கே இருக்க வேண்டும். அவள் கேட்கிற ஒரே ஆள் நீ. "அக்கா, மச்சான் பாவம், வழி விடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

முதலிலிருந்து சொல்கிறேன். விமானம் என்றதும் வீட்டை விற்றுவிட்டானோ என்று பயந்துவிடாதே. தெர்மகோல் விமானம். இறக்கை என் இரண்டு கையையும் விரித்த அகலம் இருக்கும். தரையில் நின்றுகொண்டு ரிமோட்டில் ஓட்ட வேண்டியது. நான் ரிட்டயர் ஆனபோது டிப்போவில் "என்ன வேணும்னு கேளுங்கண்ணே" என்றார்கள். ஆளாளுக்குச் சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு போவார்கள். வேலை போன பிறகு மணி பார்த்து என்ன கிழிக்கப்போகிறோம்? நான் விமானம் கேட்டேன். ரோட்டிலேயே ஓட்டிக் காலத்தைத் தள்ளியாயிற்று, ரோடு இல்லாத இடத்தில் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

ஊருக்கு வெளியே உள்ள மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இருபது பேர் கூடி விமானம் விடுகிறார்கள். கற்றுக்கொடுப்பவர் ஒரு பல் டாக்டர். தங்கமான மனுஷர். விமானம் தலைகுப்புற விழப்போகும்போதுகூட "ஒண்ணுமில்லை, வலிக்காது" என்றுதான் சொல்வார். கற்கிறவன் கையில் ஒரு ரிமோட், அவர் கையில் ஒரு ரிமோட், இரண்டுக்கும் நடுவே ஓர் ஒயர். நாம் சொதப்பினால் அவர் வண்டியைத் தம் கைக்கு வாங்கிக்கொள்வார். அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, தன்னந்தனியாகக் கிளப்பி, வானத்தில் எட்டுப் போட்டு, திரும்ப இறக்கிக் காட்டினால் 'சோலோ' பாஸ். லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிற மாதிரிதான், ஆனால் காலை ஊன்ற முடியாது. பரீட்சை வைக்க வெளியூரிலிருந்து ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். நாலே பேரைத்தான் பார்ப்பார். நாளைக்கு வருகிறார். டாக்டர் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கிற அறையில், பரீட்சைக்கு நிற்கிறவர்களைச் சாக்பீஸால் எழுதிய ஒரு போர்டு தொங்கும். அதில் நாலாவது வரியில் 'டிரைவர்' என்று இருந்தது. நான்தான் அது. இப்போது போய்ப் பார், அதை அழித்துவிட்டு 'டெய்லர' என்று எழுதியிருக்கிறது. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கக்கூடத் தெரியாத எவனோ ஒரு படுபாவியின் வேலை.

நாலு மாதமாக நான் பட்ட பாட்டை ஒரு தாளில் எழுத முடியாது. முதல் நாளே வினை. விமானம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே மரம். டாக்டர் "ரைட்! ரைட்!" என்று கத்தினார். மச்சான், நியாயமாகச் சொல். பஸ் டிரைவர் காதில் "ரைட்" என்று விழுந்தால் அதற்கு என்ன அர்த்தம்? எல்லாரும் ஏறியாயிற்று, நேரே போ என்று அர்த்தம். போனேன். வேகத்தையும் கூட்டினேன். அவர் இன்னும் சத்தமாக "ரைட்டு ரைட்டு ரைட்டு!" என்றார். நான் இன்னும் வேகமாகப் போனேன். விமானம் மரத்து உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. வலப் பக்கம் திரும்பச் சொன்னாராம்! முப்பத்தொரு வருஷப் பழக்கத்தை ஒரு காலையில் கழற்றி வைக்க முடியுமா? அடுத்த ஞாயிறும் அதே மரம். அதற்கடுத்த ஞாயிறும் அதே மரம். விமானம் தரைக்கு வரும்போதெல்லாம் என் வலது கால் தானாகப் புல்லைப் போட்டு மிதிக்கும், பிரேக் என்று நினைத்து. எதிரே ஒரு காக்கை வந்தபோது ஹார்ன் எங்கே என்று ரிமோட்டைத் தடவினேன். சிரிக்காதே.

மரத்தைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. விமானம் நம்மைவிட்டுப் போகிற வரை வலம் வலம்தான், இடம் இடம்தான். அது திரும்பி நம்மைப் பார்த்து வந்தால் எல்லாம் தலைகீழ். வலப் பக்கம் தள்ளினால் அது நம் இடப் பக்கம் போகிறது. நான் எந்நாளும் வண்டிக்குள்ளே உட்கார்ந்து ஓட்டியவன், வெளியே நின்று எதிரே வருகிற வண்டியை ஓட்டு என்றால் நான் என்ன செய்வேன்? ஒரு நாள் அது பக்கத்து மைதானத்தில் பந்து விளையாடுகிறவர்களின் வலைக்குள்ளேயே போய் விழுந்தது. "கோல்!" என்று கத்திக் கைதட்டினார்கள். ஒடிந்த இறக்கையைக் கையில் தூக்கிக்கொண்டு நான் திரும்பி நடந்த நடை எனக்குத்தான் தெரியும்.

இந்தக் கட்டத்தில்தான் உன் அக்காள் உள்ளே வருகிறாள். அவள் கடையைப் பார்த்திருக்கிறாயே, எட்டுக்குப் பத்து, சுவரைப் பார்த்த மெஷின். ஊசிக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு ஜாண். முப்பது வருஷமாக அவள் பார்த்த தூரம் அந்த ஒரு ஜாண்தான். கண் டாக்டர், "தூரமா எதையாவது பாருங்கம்மா, இல்லேன்னா பார்வை போயிடும்" என்று சொல்லிவிட்டார். சரி, வா, என் விமானத்தைப் பார் என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். அதற்கு முன்பே என் ஒடிந்த இறக்கையை அவள்தான் சரி செய்து வைத்திருந்தாள். சட்டைக் காலருக்குள் வைக்கிற கெட்டித் துணியை உள்ளே கொடுத்து ஒட்டி, அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பு லைனிங் துணியைப் பூட்டியிருந்தாள். "மேல வெள்ளை, கீழ சிவப்பு. கவுந்துச்சுன்னா உடனே தெரியும்ல" என்றாள். இருபது பேரும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு சுருக்கம் கிடையாது மச்சான், அவ்வளவு சுத்தம்.

அன்றைக்கு அவள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். விமானம் என்னைப் பார்த்து வந்தது. நான் குச்சியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளினேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: "அது உங்களைப் பாத்து நிக்குதுங்க. எதிர்ல நிக்கிற ஆளோட வலது கை நம்ம இடது பக்கம்தானே இருக்கும்? தினம் இருபது பேருக்கு அளவெடுக்கிறேன், என்னைக்காவது கை மாத்தித் தெச்சிருக்கேனா?"

டாக்டர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். "எனக்கும் அதே தொழில்தாம்மா. எதிர்ல வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கிறவரோட இடதுதான் எனக்கு வலது" என்றார். சொன்னதோடு விட்டாரா? என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி அவளிடம் கொடுத்தார். அவள் ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

பொய் சொன்னால் வாய் வெந்துபோகும். நூல் பிடித்தாற்போல் போயிற்று. நான் ஓட்டினால் குடிகாரன் மாதிரி தள்ளாடுகிற அதே விமானம், அவள் கையில் போனதும் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி அடக்கமாகத் திரும்பியது. சட்டைக் கை வளைவை வெட்டுவாளே, அவசரமில்லாமல் ஒரே இழுப்பில், அப்படி ஒரு வளைவு. நாலு மாதத்தில் எனக்கு வராததை மூன்று ஞாயிற்றுக்கிழமையில் பிடித்துவிட்டாள். இப்போது கடையில் பழுப்புத் தாள் முழுக்கச் சாக்கால் எட்டு எட்டாக வரைந்து வைத்திருக்கிறாள். இதோ, நான் எழுதுகிற தாளின் பின்பக்கமும் எட்டுத்தான். அளவு கொடுக்க வந்த அம்மாவிடம் "கொஞ்சம் காத்துக்கு எதிரா திரும்புங்க" என்கிறாள். டி.வி. ரிமோட்டைக்கூட இரண்டு கையாலும் பிடிக்கிறாள். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பேச்செல்லாம் காற்றின் வேகம்.

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம், பொறாமைதான். என் பெயரில் வந்த விமானம், என் பெயர் இருந்த வரி, என் ஆசை. நாளைக்கு விட்டால் இன்னும் மூன்று மாதம். அதற்குள் என் முழங்கால் என்ன சொல்லுமோ. ஆகவே நீ தயவு தாட்சண்யம் பார்க்காமல் வந்து, போர்டில் 'டிரைவர்' என்று திருத்தி எழுத வைக்க வேண்டியது உன் பொறுப்பு.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளுக்கு ஆசி. அவர்கள் எந்த வண்டி ஓட்டினாலும் சேதாரம் இல்லாமல் ஊர் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
கடையில் காவல் இருக்கும் உன் மச்சான்

பி.கு.: ஞாயிறு சாயங்காலம். மேலே உள்ள கடிதத்தைக் கொடுத்தனுப்பவில்லை. பஸ் நின்றது, நானும் நின்றேன், சட்டைப் பையிலிருந்து கை வெளியே வரவில்லை. இனி நீ வந்து யாருக்கும் புத்தி சொல்ல வேண்டாம்.

காலையில் நடந்ததைக் கேள். மூன்று பேர் முடித்துவிட்டார்கள். நாலாவது இவள். டாக்டர் ஒயரைக் கழற்றினார். இவள் கோட்டில் நின்றாள். விமானம் புல்லில் நின்றது. நிற்கிறது, நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது. இவள் கட்டைவிரல் அசையவில்லை. பரிசோதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் ஓர் ஆள் நின்று வானத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி, அந்த ஆள் நான். அவள் திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, ஒயர் இல்லாம பயமா இருக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் 'பயம்' என்கிற சொல்லை நான் கேட்டதில்லை. தைரியமாக இரு, கவலைப்படாதே, எதுவும் வாயில் வரவில்லை. கை தானாகப் போய் மடக்கு நாற்காலியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டியது. "ரைட், போலாம்!" என்றேன்.

போனாள் மச்சான். புல்லைவிட்டு எழும்பி, அந்தப் பாழாய்ப்போன மரத்துக்கு மேலே ஏறி, சிவப்பு லைனிங் வெயிலில் தெரியத் திரும்பி, எட்டுப் போட்டாள். ஒன்று கேட்டதற்கு இரண்டு போட்டாள். எங்களைப் பார்த்து நேராக வந்து, ஓரம் மடித்து வைத்த மாதிரி இறக்கினாள். பிரேக்கை நான்தான் மிதித்தேன், செருப்பு அறுந்துவிட்டது. பரிசோதகர் எழுந்து நின்று கை கொடுத்தார். அவள் கை கொடுக்கவில்லை, அண்ணாந்து வெறும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. போர்டில் பெயரை அழித்த படுபாவி நான்தான். புதன்கிழமை பல் காட்டப் போன சாக்கில் என் கைக்குட்டையாலேயே துடைத்துவிட்டு, அவள் தொழிலை எழுதி வைத்தேன். அழித்த மூன்றாம் நாளே மனசு அடித்துக்கொண்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீ கேட்டு வாங்கிக் கொடுப்பாய் என்று பார்த்தேன். டாக்டர்தான் எழுதினார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும். உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரக் கூடாது.

பி.கு.வுக்குப் பி.கு.: திங்கள் காலை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தது என் தப்பு, சட்டையைத் துவைக்கப் போட்டது அதைவிடப் பெரிய தப்பு. அவள் எடுத்துப் படித்துவிட்டாள். மெஷின் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவால் ஒரு மணி நேரம் குத்திக் குத்தி ஏதோ செய்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "இப்ப அனுப்புங்க, தம்பி படிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

இந்தக் கடிதத்தில் உள்ள புள்ளிகள் எல்லாம் உன் அக்காள் வைத்தவை. "போர்டுல நீங்க விட்ட புள்ளியையும் வியாழக்கிழமையே போய் நான்தான் வெச்சேன்" என்கிறாள். "அதுக்குக் கீழ அஞ்சாவது வரியில, அடுத்த பரீட்சைக்கு, 'டிரைவர்'னும் எழுதிட்டு வந்தேன். புள்ளியோட."